சித்தப்பாவின் கட்டு

மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் சித்தப்பாவைப் பற்றி எழுதியிருந்தது அரைப் பக்கம்கூட வராது. எத்தனை மணிக்கு வந்தார், யார் கொண்டுவந்தது, வலது முழங்கையிலும் மணிக்கட்டிலும் என்னென்ன முறிவு என்று எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி: மூச்சில் மது வாடை. இரவுப் பணியில் இருந்த டாக்டர் எழுதியது. தவறொன்றும் இல்லை, வாடை இருந்தது உண்மைதான். ஆனால் அவரை இடித்துத் தள்ளிய கார் டிரைவரின் வாயை அன்றிரவு யாரும் முகர்ந்து பார்க்கவில்லை.

2011 ஐப்பசி மாதம். விழுப்புரத்துக்கும் பெரம்பலூருக்கும் நடுவே, சென்னை-திருச்சி நான்குவழிச் சாலையை ஒட்டியது எங்கள் ஊர். சித்தப்பா தச்சர். வாசக்கால், கதவு, ஜன்னல் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் அவர் கை படாத வீடு குறைவு. சனிக்கிழமை கூலி வாங்கியதும் சாலையோர டாஸ்மாக்கில் ஒரு குவார்ட்டர் வாங்கிக் குடித்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வருவது அவர் வழக்கம். குடித்தால் ஏறி மிதிக்க மாட்டார், அதில் ஒழுங்கு. அன்றும் தார் ரோட்டை விட்டு இறங்கி, இடதுபக்க மண்ணில்தான் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். பின்னாலிருந்து வந்த கார் சைக்கிளோடு சேர்த்து அடித்துவிட்டு, கொஞ்ச தூரம் தள்ளி நின்று, மறுபடி கிளம்பிவிட்டது. டீக்கடைக்காரர் ஒருவர் ஓடிப்போய் நம்பரைப் பார்த்து, கடைப் பலகையில் கரியால் எழுதி வைத்தார். 108-க்குப் போன் போட்டதும் அவர்தான்.

அந்தக் கரி எழுத்தின் விலை எவ்வளவு என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டால், அன்றைய சட்டப்படி பலத்த காயத்துக்குக் கிடைத்தது 12,500 ரூபாய். உயிரே போனால் 25,000. இப்போது அது 50,000, இரண்டு லட்சம் என்று உயர்ந்திருக்கிறது. நம்பர் தெரிந்தால் மட்டுமே மற்ற கணக்குகள் எல்லாம் தொடங்கும்.

அப்பா கோயம்புத்தூரில் மில் வேலையில் இருந்தார். நான் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்று சித்தி என்னையே துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். ஆனால் முதல் சில நாட்கள் கேஸ் போடும் எண்ணமே அவளுக்கு இல்லை. "குடிச்சிட்டு வந்தவருக்கு எவன் காசு குடுப்பான்? போலீசு நம்மளையே பிடிச்சு உள்ள போட்டா என்னா பண்றது?" ஊரும் அதையே சொன்னது. குடிகாரன் அடிபட்டால் அது அவன் விதி. கௌரவமான ஆள் அடிபட்டால்தான் அது விபத்து. நஷ்டஈடு என்பது நல்லொழுக்கத்துக்குக் கொடுக்கும் பரிசு என்று நாம் எல்லோரும் எங்கேயோ நம்பிவிட்டோம். இதனாலேயே வழக்குக்கு வராமல் போன குடும்பங்கள் எங்கள் பகுதியில் எத்தனையோ.

மருத்துவமனைக்கு ஒரு புரோக்கர் வந்தார். சித்தப்பாவுக்கு மயக்கம் தெளியும் முன்பே வக்காலத்துத் தாளை நீட்டினார். வர்ற தொகையில் பாதி அவருக்காம். அவரை அனுப்பிவிட்டு, அப்பாவுக்குத் தெரிந்த ஒரு வயதான வக்கீலிடம் போனோம். ஜெயித்தால் இத்தனை பங்கு என்று வக்கீல் கட்டணம் பேசுவதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது என்பதை அவர்தான் சொன்னார். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே வக்கீல் கேட்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். தன் பிழைப்புக்கு எதிராக ஒரு வக்கீல் பேசியது சித்திக்குப் பிடித்துப்போயிற்று.

அவருடைய குமாஸ்தா என்னிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தார். எஃப்.ஐ.ஆர்., விபத்துப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பி, போலீஸ் வரைந்த ரஃப் ஸ்கெட்ச், மோட்டார் வாகன ஆய்வாளர் ரிப்போர்ட், வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், டிரைவரின் லைசென்ஸ், டிஸ்சார்ஜ் சம்மரி. "பாப்பா, கேஸ்ல பேசறது நாங்க இல்ல, இந்தக் காயிதம்தான்" என்றார். அன்றைய சட்டப்படி விபத்து அறிக்கையைப் போலீஸே 30 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் நான் ஸ்டேஷனுக்கும் மருத்துவமனைக்கும் நடந்துதான் அத்தனையையும் சேர்த்தேன்.

அப்படி நடந்ததில்தான் டிரைவர் விஷயம் தெரிந்தது. கார் சொந்தக்காரர் மறுநாள் மதியம் அவரைக் கூட்டிவந்து ஸ்டேஷனில் ஒப்படைத்திருக்கிறார். குளித்து, திருநீறு பூசி வந்தார் என்று ஒரு ஏட்டு சிரித்துக்கொண்டே சொன்னார். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்து வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவில் குற்றம். அதை ஊதச் சொல்லியோ ரத்தம் எடுத்தோ அந்த நேரத்திலேயே பார்த்தால் உண்டு. இந்த மாதிரிக் குற்றத்துக்குத் தப்பிக்க வழி ஓட்டம் இல்லை, தூக்கம். ஒரு இரவு தூங்கி எழுந்தால் ரத்தம் சுத்தம். கார் நின்றபோது ஆள் இறங்கித் தள்ளாடியதைப் பார்த்ததாக டீக்கடைக்காரர் சொன்னார். வழக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 338 பிரிவுகளோடு நின்றுவிட்டது.

சித்திக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவன் குடித்திருந்தான் என்று கோர்ட்டில் நிரூபிக்கணும் என்று வக்கீலிடம் நின்றாள். வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நிரூபிச்சா நமக்கு என்னம்மா லாபம்?" என்று கேட்டார்.

எனக்கும் அது அதிர்ச்சியாகத்தான் இருந்தது. அவர் விளக்கினார். டிரைவர் குடித்திருந்தான் என்று தெரிந்தால், பாலிசி நிபந்தனையை மீறிவிட்டார்கள், நாங்கள் பணம் தர மாட்டோம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு புதுச் சண்டையைத் தொடங்கும். அதற்காக அடிபட்டவனைக் கைவிட்டுவிட முடியாது. லைசென்ஸ் கோளாறு போன்ற மீறல்களில், கம்பெனி முதலில் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் ஸ்வரன் சிங் வழக்கில் வழி காட்டியிருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டிய வழக்குகளிலும் நீதிமன்றங்கள் பெரும்பாலும் அதே பாதையில்தான் போகின்றன. "கடைசியில பணம் வரும். ஆனா வருஷம் கூடும். உனக்குத் தண்டனை வேணுமா, சோறு வேணுமா?" சித்தி பதில் சொல்லாமல் எழுந்து வெளியே போனாள். இன்றைக்கும் அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. மொத்தத்தில் எங்கள் வழக்குக் கட்டில் வாடை அடித்த ஒரே ஆள் சித்தப்பாதான்.

டிரைவர் குற்றவியல் கோர்ட்டில் தப்பை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தீர்ப்பின் நகலை வக்கீல் சந்தோஷமாக வாங்கிவைத்தார். கவனக்குறைவாக ஓட்டியதை அவரே ஏற்றுக்கொண்டதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறென்ன?

மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் என்பது பெரிய பெயர். எங்கள் ஊர்ப் பக்கம் எம்.சி.ஓ.பி. கோர்ட் என்றால்தான் தெரியும். மாவட்ட நீதிமன்றத்திலும் சார்பு நீதிமன்றத்திலும் உள்ள நீதிபதிகளே மற்ற வழக்குகளோடு இதையும் பார்ப்பார்கள். வாய்தா நாட்களில் வராந்தாவில் நிற்கும் கூட்டத்தை வைத்தே எது எம்.சி.ஓ.பி. நாள் என்று சொல்லிவிடலாம். ஊன்றுகோல், தாலி இல்லாத இளம்பெண்கள், மடியில் பிளாஸ்டிக் பையில் எக்ஸ்ரே. எங்களுக்கு எதிரே முதல் எதிர்மனுதாரர் கார் சொந்தக்காரர். அவர் ஒருமுறைகூட வராமல் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டார். இரண்டாம் எதிர்மனுதாரர் இன்சூரன்ஸ் கம்பெனி. உண்மையான சண்டை அவர்களோடுதான்.

அந்த வராந்தாவில் பார்த்த ஒரு குடும்பத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. நண்பனோடு குடித்துவிட்டு, அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போன பையன். பாலத்தில் மோதி இவன் செத்தான், ஓட்டியவன் பிழைத்தான். பைக்குக்கு இன்சூரன்ஸ் இருந்தது, ஆனால் கட்டாயத்துக்காகக் கட்டும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும். அந்த வகைப் பாலிசி பின்னால் உட்கார்ந்து போகிறவரைக் காப்பாற்றாது என்று 2006-இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முழு பாலிசி எடுத்திருந்தால் கதை வேறு. கம்பெனியை விடுவித்து, வண்டிக்காரன் தலையில் பொறுப்பைக் கட்டினார்கள். அவனிடம் இருந்த சொத்து அந்த நொறுங்கிய பைக் ஒன்றுதான். பிரீமியத்தில் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க நினைக்கும் எவரும் இதை யோசிப்பதில்லை, சொல்லித்தருகிறவரும் இல்லை.

இன்னொரு நாள் பஸ் ஸ்டாண்டில் அரசுப் பேருந்து ஒன்றை அமீனா ஜப்தி செய்துகொண்டிருந்தார். பயணிகள் இறங்கித் திட்டிக்கொண்டே வேறு பஸ்ஸைத் தேடினார்கள். அரசுப் போக்குவரத்து நிறுவனங்கள் தங்களுக்கென்று ஒரு நிதியை வைத்துக்கொண்டால் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டாம் என்று 146-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. அதனால் தீர்ப்பான பணத்தை நிறுவனமே கட்ட வேண்டும், கட்டாவிட்டால் பஸ் கோர்ட்டுக்குப் போகும். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் இது மாதத்துக்கு ஒருமுறையாவது வரும் படம். சித்தி அதைப் பார்த்துவிட்டு, "நமக்கும் இப்படிக் காரைப் பிடிச்சுக் குடுப்பாங்களா?" என்று ஆசையோடு கேட்டாள்.

சித்தப்பாவைக் கூண்டில் ஏற்றும் முதல்நாள் மாலை வக்கீல் எங்களை வரச் சொன்னார். குடிக்கவே இல்லை என்று சொல்லிவிடலாமா என்று சித்தி கேட்டாள். "ஏ.ஆர். காப்பில எழுதியிருக்கும்மா. பொய் சொன்னா அதுல மாட்டுவாரு, அப்புறம் மண்ணுல நின்னதையும் நம்ப மாட்டாங்க. உள்ளதைச் சொல்லட்டும்."

மறுநாள் கம்பெனி வக்கீல் எழுந்ததும் அந்த வரியைத்தான் வாசித்தார். அன்று மது அருந்தியிருந்தீர்களா? "ஆமாங்க, ஒரு குவார்ட்டர்." கூண்டில் நிற்கும் ஆள் இப்படி ஒரே மூச்சில் ஒப்புக்கொள்வார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. போதையில் சாலையின் நடுவே வந்துவிட்டீர்கள் என்றால்? "இல்லிங்க. குடிச்சா ரோட்டுல ஏற மாட்டேன். மண்ணுலதான் போவேன்." கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். எங்கள் வக்கீல் ரஃப் ஸ்கெட்ச்சை நீட்டினார். அதில் சைக்கிள் கிடந்த இடம் தார் விளிம்புக்கு வெளியே. மண்ணில் சக்கரத் தடம்.

வாதத்தின்போது அவர் சொன்ன சட்டம் எளிமையானது. வாடை என்பது வேறு, போதை என்பது வேறு. ரத்தமோ சிறுநீரோ சோதிக்காமல், வாடையும் தள்ளாட்டமும் இருந்தது என்பதை வைத்து மட்டும் ஒருவர் குடிபோதையில் இருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே பச்சுபாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. அது வண்டி ஓட்டியவர் மேல் வந்த குற்ற வழக்கு. டிரைவர்களைக் காப்பாற்றிய அந்தத் தீர்ப்பு எங்கள் சித்தப்பாவையும் காப்பாற்ற வந்தது. அதைவிட முக்கியம், போதை இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும் அது விபத்துக்குக் காரணமா என்பதுதான் கேள்வி. சாலையை விட்டு ஒதுங்கிப் போனவரைப் பின்னால் வந்து அடித்தால், அவர் குடித்திருந்தால் என்ன, கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தால் என்ன? குடித்தவர் திடீரென்று குறுக்கே பாய்ந்திருந்தால் கதை வேறு. அப்போது அவருடைய பங்குக் கவனக்குறைவுக்குத் தக்கபடி தொகையில் வெட்டு விழும். அப்போதும் பங்குதான் போகுமே தவிர, உரிமை முழுதாகப் போகாது.

அடுத்தது கை. எலும்பு டாக்டர் வந்து வலது கையில் 45 சதவீத நிரந்தர ஊனம் என்று சாட்சி சொன்னார். அது கைக்கான சதவீதம், முழு உடம்புக்கு என்று பார்த்தால் 25-தான் வரும், அதற்கு மட்டும் கணக்குப் போடுங்கள் என்றது கம்பெனி. எங்கள் வக்கீல் ஜெராக்ஸ் எடுத்து மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு தீர்ப்பை எடுத்தார். ராஜ்குமார் - அஜய்குமார் வழக்கு, உச்ச நீதிமன்றம், 2010. உடம்பில் எத்தனை சதவீதம் போயிற்று என்பதைப் பார்த்து நின்றுவிடக் கூடாது, சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அதில் நீதிபதிகள் காட்டும் உதாரணம், இடது கையை இழந்தவர். அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் ஏறக்குறைய முழுப் பிழைப்பும் போயிற்று, அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை போகாமலே இருக்கலாம். தச்சர் என்ற சொல்லை வக்கீல் அழுத்தி வாசித்தார். டெல்லியில் யாரோ எங்கள் சித்தப்பாவை நினைத்தே எழுதியது போல எனக்கு இருந்தது.

நீதிபதி சித்தப்பாவிடம் நேராகவே கேட்டார், இழைப்புளி பிடிக்க முடியுமா என்று. சித்தப்பா இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத பலகை ஒன்றை இழைத்துக் காட்டினார். இடது கை போய்வந்தது. வலது கை விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றன. "ரெண்டு கையும் வேணும் அய்யா. ஒரு கையால தள்ளினா பலகை கோணும்."

2015-இல் தீர்ப்பு வந்தது. வருமானத்துக்கு எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை, தச்சருக்கு யார் சம்பளச் சீட்டு தருவார்கள்? காய்கறி வியாபாரி ஒருவருக்கு எந்த ஆவணமும் இல்லாமலே மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சையத் சாதிக் வழக்கில் எடுத்துக்கொண்டதைக் காட்டினோம். அதையே எங்களுக்கும் வைத்தார்கள். விபத்தின்போது சித்தப்பாவுக்கு 38 வயது. 36 முதல் 40 வயது வரை பெருக்கும் எண் 15 என்பது 2009-இல் சரளா வர்மா வழக்கில் நிலைத்துப்போன அட்டவணை. ஆண்டுக்கு 78,000, அதைப் பதினைந்தால் பெருக்கினால் 11,70,000. கம்பெனி கேட்ட 25 சதவீதம் என்றால் 2,92,500 ரூபாய். தீர்ப்பாயம் 70 சதவீதம் என்று வைத்தது: 8,19,000. ஒரு தச்சரின் கையைத் தச்சரின் கை என்று பார்ப்பதற்கும் வெறும் கை என்று பார்ப்பதற்கும் இடையே ஐந்தே கால் லட்சம் ரூபாய். குடித்ததற்காக ஒரு பைசா வெட்டவில்லை.

வலி வேதனை, போக்குவரத்து, உடனிருந்து பார்த்துக்கொண்டது, கூடுதல் சத்துணவு என்று தனித்தனியாகத் தொகை போட்டிருந்தார்கள். மனு போட்ட நாளிலிருந்து 7.5 சதவீத வட்டி. சத்துணவு என்று நான் வாசித்ததும் சித்தி, "அது எப்பத் தின்னாரு?" என்று கேட்டாள். உடனிருந்த செலவு என்பது அவளுக்குத்தான் என்று விளக்கியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. சித்தப்பாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பாத்ரூமுக்குக் கூட்டிப்போனதற்கு ஒரு தாளில் ரூபாய் போட்டு எழுதியதை அவள் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கம்பெனி கோர்ட்டில் கட்டிய தொகையில் பாதியை நாங்கள் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததால் கடன் அடைந்தது. மீதி 2017-இல் லோக் அதாலத்தில் முடிந்தது. அங்கே கையெழுத்துப் போட்டால் மேல்முறையீடு கிடையாது, அதனால் இரண்டு பக்கமும் யோசித்துத்தான் போடுவார்கள். கம்பெனி அதிகாரி வட்டியைக் குறைக்கச் சொன்னார். சித்தி சந்தையில் ஆடு பேசுகிற மாதிரி பேசி, பாதி வழியில் நிறுத்தினாள். வக்கீல் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

அதே ஆண்டில் சாலையோரத்து மதுக்கடையும் போயிற்று. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள், சிறிய ஊர்களில் 220 மீட்டருக்குள், மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த வழக்கறிஞர் பாலு நடத்திய வழக்கில் 2016 டிசம்பரில் வந்த தீர்ப்பு அது, சிறிய ஊர்களுக்கான 220 மீட்டர் 2017 மார்ச்சில் சேர்ந்தது. கடை ஊருக்குள்ளே, வயல்வரப்பைத் தாண்டிப் போனது. குடித்துவிட்டு வருகிறவர்கள் இப்போது இருட்டில் வரப்பில் நடந்து வந்து, பிறகு அதே சாலையைக் கடக்கிறார்கள்.

ஊரில் யாருக்கு அடிபட்டாலும் எனக்குப் போன் வரும். நான் வக்கீலும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை, பட்டியல் மட்டும் மனப்பாடம். எங்கள் காலத்தில் மனுப் போடக் கால வரம்பே கிடையாது. 1994-இல் அதை எடுத்திருந்தார்கள். 2022 ஏப்ரலிலிருந்து மறுபடி ஆறு மாதம் என்று கொண்டுவந்துவிட்டார்கள். அந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயின, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியுமா? குடித்தவர் வீட்டார்தான் எப்போதும் தாமதமாக வருவார்கள். வெட்கம் தீர அத்தனை மாதம் ஆகிறது.

சித்தப்பா இப்போது இரண்டு பையன்களை வைத்துக் கதவு வேலை எடுத்துச் செய்கிறார். இவர் குறி போட்டுக் கொடுப்பார், அவர்கள் அறுப்பார்கள். வங்கியில் போட்ட பணம் சித்தப்பா பெயரில் இருக்கிறது, பாஸ்புக் சித்தியின் பெட்டியில் இருக்கிறது. மாதா மாதம் வட்டி வந்ததும் சித்தப்பா அவளிடம் கை நீட்டுவார். என்னாத்துக்கு என்பாள். பீடிக்கு என்பார். பீடிக்கு இருநூறு ரூபாயா என்று கேட்டுவிட்டு, ஐம்பது கொடுப்பாள்.